சுவரோரத்து டிரம்கள்

திங்கட்கிழமை காலையில் தாராவி காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் சுவரோரம் வெறிச்சென்று கிடப்பதைப் பார்த்தேன். அங்கே நீல டிரம்கள் கவிழ்த்து அடுக்கியிருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் என் கையால் அடுக்கியவை.

நான் டிரம் கழுவுகிறவள். ஏஞ்சலம்மாள் என்றால் காம்பவுண்டில் எல்லோருக்கும் தெரியும்; என் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கம்பெனிகளிலிருந்து வரும் காலி டிரம்களைச் சோடா போட்டுக் கழுவிக் காயவைத்து விற்கிறோம். எண்ணெய் வந்தது, சர்பத் வந்தது எல்லாம் தண்ணீர் பிடிக்க வீடுகளுக்குப் போகும். பூச்சிமருந்து வந்த டிரம்மை மட்டும் அடிப்பாகத்தில் சிவப்பாக ஒரு கோடு இழுத்துச் சுவரோரம் ஒதுக்கிவிடுவோம். அது மிஷினில் அரைபடத்தான் போகும். கவிழ்த்து வைக்கிறபோது அடிதானே மேலே தெரியும், அதனால்தான் கோடு அங்கே. எழுத்துத் தெரியாதவனுக்கும் இந்தக் கோடு தெரியும்.

எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக் குடித்தது குடித்ததுதான். தண்ணீர் ஊற்றி வைத்தால் திரும்பக் கக்கும். எங்களோடு பேச்சிராஜா என்று ஒருத்தன் வேலை செய்தான். தாகத்துக்கு அப்படி ஒரு டிரம்மில் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டான் பாவி. வாயில் நுரை தள்ளத் தள்ள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிணமாகத்தான் திரும்பினான்.

"ஷகீல் பாய், செவுத்துப் பக்கம் கெடந்த டிரம்மெல்லாம் எங்க?"

முதலாளி ஷகீல் சாயாவை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "நேத்து நான் இங்க இல்ல. உன் பொண்ணு டெம்போ கொண்டாந்து டிரம் ஏத்திட்டுப் போச்சுன்னு வாட்ச்மேன் சொன்னான். நீ கழுவி வச்சதைத்தானே?"

நான் கழுவி வைத்த நல்ல வரிசை குழாயடியில் அப்படியே இருந்தது. அவரும் திரும்பிப் பார்த்தார். கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "யா அல்லா" என்றார்.

என் மகள் ஜாக்குலின் பி.காம் படித்தவள். இந்த நாற்றமே அவள்மேல் படக்கூடாது என்று அவளைக் காம்பவுண்டுக்குள் நான் விட்டதே இல்லை. மாட்டுங்காவில் மாலதி மேடம் என்று ஒருவர். மாட்டுங்கா, செம்பூர் ஃப்ளாட்டுகளில் மிச்சமாகிற துணி, பாத்திரம் எல்லாம் சேர்த்து, கசாராவுக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்துக்கு அனுப்புகிறார். அவரிடம்தான் இவளுக்கு வேலை. சும்மா தானம் இல்லை அது. ஊர்க்காரர்களே கூடிப் பேசி, எந்த வேலையை முடிக்கிறோம், அதற்குப் பதில் எது வேண்டும் என்று முடிவு செய்வார்கள். இந்தக் கோடையில் பாறையை உடைத்து ஊற்றுக்குத் தொட்டி கட்டினார்கள். வீட்டுக்கு வீடு தண்ணீர் சேர்த்துவைக்க டிரம் கேட்டார்கள். ஷகீல் பாய் இலவசமாகத் தருகிறேன் என்றதும், "காம்பவுண்ட்ல இருக்கு, போய் எடுத்துக்கோ" என்று மகளிடம் நான்தான் சொன்னேன். நான் சர்ச்சில் இருந்த நேரம் அவள் வந்திருக்கிறாள். கோடு போட்டுத் தனியாக இருப்பதைப் பார்த்து, அம்மா நமக்கென்று அடையாளம் வைத்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாள்!

ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் கையெல்லாம் பச்சை.

"என்னட்டி இது?"

"டிரம்முக்கு பெயிண்ட் அடிச்சோம்மா. கொடுக்கற பொருள் குப்பை மாதிரி இருக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லுவாங்கல்லா? பூவெல்லாம் வரஞ்சிருக்கோம். நாளைக்கு விடியக்காலம் நானே கொண்டுபோறேன்."

பெருமையாகத்தான் இருந்தது எனக்கு. பூச்சிமருந்து வாடை லேசாக அடித்தது. என் சேலையில் இருந்து வருகிறது என்று நினைத்தேன். போன வருஷம் அண்டா, குண்டான் கொண்டுபோனபோது, அதில் பொங்கிய சோற்றை ஊர்க்காரர்கள் முதலில் இவளுக்குத்தான் ஊட்டினார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது அவளுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மாலதி மேடம் எடுக்கவில்லை. டாக்சி பிடித்து மாட்டுங்காவுக்கு ஓடினேன். கதவைத் திறந்த மேடம் ஈரத்தலையும் குங்குமமுமாக நின்றார்.

"பூஜையில இருந்தேன். ஏன் இப்படி மூச்சு வாங்கறது? உள்ள வாங்கோ ஏஞ்சலம்மா."

"மேடம், டிரம்முக்கு அடியில செவப்புக் கோடு இருந்துச்சா?"

"இருந்தது, அசிங்கமா. அதான் அடியையும் சேர்த்து அடிச்சுடுங்கோன்னேன். உள்ளேயும் சோப்பு போட்டு நன்னா அலம்பியாச்சு. ஏன்?"

"வெசத்துக்குப் பூ வரஞ்சு அனுப்பியிருக்கீயளே மேடம்! பூச்சிமருந்து டிரம்மு அது! தண்ணி குடிச்சா செத்துப்போவாவ! எம் மவ அங்க இருக்கா!"

கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மேடத்துக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அந்த ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தொட்டி கட்டிய மேடு. தொட்டி வேலையை முன்னின்று நடத்திய சுமன் தாயிக்குப் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டார். ஏசப்பா, எடுக்க வையும், எடுக்க வையும் என்று வாய்விட்டே ஜெபித்தேன்.

எடுத்தாள். பின்னால் டோலக் சத்தமும் பாட்டுமாக இருந்தது. மேடம் வாய் திறப்பதற்குள் போனைப் பிடுங்கி, எனக்குத் தெரிந்த இந்தியில் அலறினேன்.

"டிரம் கா பானி மத் பீனா! கோயி மத் பீனா! ஜஹர் ஹை!"

"என்ன சொல்றீங்க? டோலக்ல ஒண்ணும் கேக்கலை" என்று இந்தியில் அவளும் கத்தினாள்.

"ஜாக்குலின் அம்மா பேசுறேன்! டிரம் தண்ணியக் குடிக்காதீங்க! ஊர்ல யாரும் குடிக்காதீங்க!"

சுமன் தாயி சிரித்தாள்.

"எங்க ஊர் ஆளுங்க ஒருத்தரும் இன்னும் வாய் வைக்கலை அக்கா. கொண்டுவந்தவங்க குடிக்காம நாங்க எப்படிக் குடிப்போம்? வந்து இறங்கினதுமே ரொப்பி வெச்சுட்டோம். உங்க பொண்ணுக்குத்தான் முதல் லோட்டா. பாவம், வெயில்ல வந்த பொண்ணு, இன்னொண்ணும் கேட்டு வாங்கிக் குடிச்சா."

"அவகிட்டப் போனைக் கொடுங்க!" என்று கத்தினேன்.

"இருங்க, அவகிட்டயே கொடுக்கறேன், மர நிழல்ல உக்காந்திருக்கா" என்றாள். பிறகு போனை விலக்கிக்கொண்டு, "ஜாக்குலின்!" என்று கூப்பிட்டாள்.

டோலக் நின்றது. சுமன் தாயி மறுபடியும் கூப்பிட்டாள்.