ஒதுங்க ஓர் இடம்

பதினோரு வருட உத்தியோகத்தில் அருள்மொழி சட்டப் பிரிவுகளைவிட நன்றாகக் கற்றுக்கொண்டது, தண்ணீர் குடிக்காமல் இருப்பதை. தொழிலாளர் உதவி ஆய்வாளர் என்றால் செங்கல் சூளை, கல்குவாரி, இறால் பண்ணை என்று போக வேண்டும். போன இடத்தில் ஒரு பெண் ஒதுங்க இடம் இருக்குமா என்று யாரிடம் கேட்பது? ஜீப் ஓட்டுகிறவரிடமா? போன வாரம் டாக்டர் திட்டினார். "தெனம் மூணு லிட்டர். இல்லேன்னா இன்ஃபெக்‌ஷன் கிட்னிக்குப் போயிடும்." பயந்துபோய் இன்று காலையிலிருந்தே இரண்டு பாட்டில் காலி.

மரக்காணம் உப்பளத்தில் பதினோரு மணி வெயில் தரையிலிருந்தும் அடித்தது. மேஸ்திரி பஞ்சநாதன் பக்கத்திலேயே நின்றார். உப்புச் சுமக்கும் ஏழு பெண்களை வரப்பில் நிறுத்தி, அருள்மொழி ஒவ்வொன்றாகக் கேட்டு டேப்லெட்டில் பதிந்துகொண்டே வந்தாள்.

"பொம்பளைங்க ஒதுங்க எடம் இருக்குதாம்மா?"

"இருக்குது மேடம்" என்றாள் பாக்கியலட்சுமி, சட்டென்று. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

கழிப்பிட வசதி: உண்டு.

பஞ்சநாதன் டீ வாங்க ரோட்டுக்குப் போன பிறகு, அதற்கு மேல் அருள்மொழியால் தாங்க முடியவில்லை. பாக்கியலட்சுமியிடம் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த எடம் எங்கம்மா?"

"எந்த எடம்?"

"இப்ப சொன்னீங்களே..."

பாக்கியலட்சுமிக்குப் புரிந்தது. அதுவரை ஆபீசரைப் பார்த்திருந்த கண்கள், முதல் தடவையாக எதிரே நின்ற பெண்ணைப் பார்த்தன. "ஏ சாமுண்டி, எல்லாம் வாங்கடீ. மேடத்துக்கு அவசரம்."

தலைச்சுமை அன்னக்கூடைகளை வரப்பிலேயே போட்டுவிட்டு ஏழு பேரும் வந்தார்கள். பாத்திகளுக்கு அப்பால் இருந்த வெறும் மேட்டில் அவளை நடுவில் விட்டு, முதுகைக் காட்டி வட்டமாக நின்றார்கள். முந்தானைகள் விரிந்து ஒன்றோடொன்று சேர்ந்தன.

"இதுதானா?"

"உப்பு அம்பாரமா குமிச்சிருந்தா அது பின்னாடி போவோம். லோடு ஏத்திட்டா நாங்களேதான் அம்பாரம்" என்றாள் சாமுண்டீஸ்வரி. "நீ ஒக்காரு. யாரும் திரும்ப மாட்டோம்."

மேடம் எப்போது நீ ஆனாள் என்று தெரியவில்லை. ஆனாலும் தயங்கினாள். அந்தத் தயக்கம் முதுகுகளுக்கே எட்டிவிட்டதோ என்னவோ, எல்லோரும் உரக்கப் பேசத் தொடங்கினார்கள்.

"நேத்து இன்னாடி கொழம்பு?"

"கருவாடு. மூணு தெருவுக்கு வாசன."

"வாசன வந்துது. ஒரு துண்டு வந்துதா?"

அந்தச் சத்தம் எதற்கு என்று உறைத்தபோது அருள்மொழிக்குக் கண் நிறைந்தது. பதினோரு வருடமாக அடக்கி வைத்தது உடம்பை மட்டும்தானா?

எழுந்து புடவையைச் சரிசெய்தவளைப் பாக்கியலட்சுமி உற்றுப் பார்த்தாள். "எரியுதா? தண்ணி கொறச்சலா குடிச்சா அப்டித்தான். எனக்கும் எரியும்."

"நீங்க குடிக்கறதில்லையா?"

"குடிச்சா நாலு தபா இவளுங்கள நிறுத்தணும். வேல கெட்டுடும்ல."

அருள்மொழி டேப்லெட்டை எடுத்தாள். "இல்லைன்னு மாத்திடறேன்."

"ஐயோ, நாங்க சொன்னதா போட்றாத. நாளைக்கு வேலைக்கு வராதன்னுடுவாங்க. நாங்க பொய்யும் சொல்லல. எடம் இருக்குதான்னு கேட்ட, இருக்குதுன்னோம்."

உண்மைதான். யாருமே பொய் சொல்லவில்லை. அப்படியே விட்டால் இந்த உப்பளம் ஒழுங்கான இடமாகப் பதிவாகிவிடும். இப்போதெல்லாம் எங்கே ஆய்வுக்குப் போவது என்று கம்ப்யூட்டர்தான் பொறுக்கிப் போடுகிறது. இந்தப் பெயர் மறுபடி விழ எத்தனை வருடமோ.

'உண்டு' என்பதை 'இல்லை' ஆக்கினாள். ஆதாரம் என்ன என்று கட்டம் கேட்டது. இவர்கள் பெயரைப் போட முடியாது. மீதி இருப்பது அவள் ஒருத்திதான். ஆபீசில் கார்த்திகேசன் இதைப் படித்து அடுத்த மேசைக்குக் காட்டுவார். முதலாளியின் வக்கீல் படிப்பார். எல்லாரும் ஆண்கள். காது சூடானது. ஆனால் இது தன்னுடைய வெட்கமா, இந்த இடத்தினுடையதா? யாருடையது என்று தெரியாமலே இத்தனை நாள் சுமந்திருக்கிறோம் என்று தோன்றியது. டைப் செய்தாள்.

பஞ்சநாதன் தூக்குவாளியில் டீயோடும் பேப்பர் கப்புகளோடும் வந்தார். "எல்லாம் கரெக்டா இருக்குதுங்களா மேடம்?"

"ஒண்ணு இல்லீங்க. பாத்ரூம்."

"பொம்பளைங்களே இருக்குதுன்னாங்களே!"

"அவங்க சொன்னது அவங்களோடது. இது என்னோடது. படிச்சுட்டுக் கையெழுத்து போடுங்க."

அவர் வாய்விட்டே படிக்கத் தொடங்கினார். "ஆய்வின்போது ஆய்வாளருக்கே கழிப்பிடம் தேவைப்பட்டது. உப்பளத்தில் இல்லை. திறந்த வெளியைப்..." குரல் நின்றுவிட்டது. தலை நிமிரவில்லை.

"மேடம், இதையெல்லாமா எழுதுவாங்க?"

"நடந்தத எழுதியிருக்கேன். கட்டறதுக்கு முப்பது நாள் டைம்."

விரலால் கையெழுத்துப் போட்டார். பிறகு, "எந்தப் பக்கம் கட்டினா தேவலைங்க?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? அவங்களக் கேளுங்க."

பஞ்சநாதன் பெண்களின் பக்கம் திரும்பினார். அவர்களிடம் அவர் இதுவரை எதையும் கேட்டதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் டீத்தூக்கைப் பிடித்தபடி நின்றார். ஏழு பேரும் காத்திருந்தார்கள்.