நாகலிங்க மரத்தின் தலைமையுரை

சித்திரை முதல் ஞாயிறன்று காலை பதினொன்றரைக்கு, டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மரத் தோட்டத்தில் நிற்கும் நாகலிங்க மரம், அதே நகரின் துவாரகா பகுதியிலிருந்து அங்கே சுற்றுலா வந்திருந்த தமிழர் சங்கத்தாருக்குத் தலைமையுரை ஆற்றியது. நாற்பத்தேழு நிமிடம் பேசியது. அன்றைய வெயில் நாற்பத்தொரு டிகிரி; வந்தவர்கள் ஐம்பத்திரண்டு பேர்; காது கொடுத்துக் கேட்டவர் ஒருவருமில்லை.

மரம் பேசியதற்குக் காரணம் பொன்னாடை. சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொண்ட பேராசிரியர் வரவில்லை. வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் சங்கத் தலைவர் ராமமூர்த்தி, மத்திய அரசில் சார்புச் செயலாளராக ஓய்வு பெற்று இன்னமும் வீட்டில் இரண்டாவது காபிக்குக் கோப்பு நகர்த்துகிற முகத்தோடு உட்கார்ந்திருப்பவர், பொன்னாடையை உறையிலிருந்து பிரித்துவிட்டார். "பிரிச்ச பொன்னாடையைத் திரும்ப மடிச்சு வைக்கப்படாது. யாருக்காவது போட்டே ஆகணும்" என்றார். சங்கத்துக்குத் துணைத் தலைவர்கள் மூன்று பேர். ஒருவருக்குப் போட்டால் மற்ற இருவரும் ஆளுக்கொரு புதுச் சங்கம் ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப் பிறந்த சங்கங்கள் துவாரகாவில் ஏற்கெனவே நான்கு இருந்தன. ஆகவே பக்கத்தில் நின்ற மரத்துக்குப் போர்த்திக் கைதட்டினார்கள். பொன்னாடை மேலே பட்டதும் மரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அவையோருக்கு வணக்கம்" என்றது. யாரும் திடுக்கிடவில்லை. பொன்னாடை போர்த்தப்பட்டவர் பேசுவதுதானே வழக்கம்.

மாதங்கிக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவள் சங்கத்தின் செயலாளர். தாவரவியலில் முதுகலை முடித்தவள். கணவரின் மாற்றல்களுக்குப் பின்னால் ஓடி ஓடி ஆராய்ச்சியை விட்டுவிட்டு, கடைசியில் ஜனக்புரியில் ஒரு வங்கிக் கிளையில் வந்து உட்கார்ந்தவள். ஒன்பது வருடமாக மேடையேறியவர்களையெல்லாம் அறிமுகப்படுத்தியிருந்தாள். அவள் பேச வேண்டிய நேரத்தை ஒரு வருடம் நன்றியுரை தின்றது, ஒரு வருடம் குலுக்கல் பரிசு தின்றது, ஒரு வருடம் மைக்செட்காரரின் அவசரம் தின்றது. இந்த முறை, தோட்டத்துக்கு அனுமதி கேட்டுப் பதினொரு கடிதம் எழுதியவள் என்பதால், அவளுக்குப் பதினைந்து நிமிடம் என்று ராமமூர்த்தி நிகழ்ச்சி நிரலிலேயே அச்சடித்திருந்தார். மரங்களைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதி எடுத்து வந்திருந்தாள். இதையும் விட்டால் தன் வாயிலிருந்து அறிமுகவுரை தவிர வேறொன்றும் வராமலே போய்விடும் என்று பயந்தாள்.

மரமோ நிறுத்துவதாக இல்லை. ஈராயிரம் ஆண்டுகளாகத் தன் குலம் தமிழ் மண்ணில் வேரோடியிருக்கிறது என்றது. தன் பூவுக்கு ஈடான பூ வடக்கே எங்கேயும் கிடையாது என்றது. பூ மணத்தது உண்மை. கீழே உடைந்து கிடந்த பழங்கள் நாறியதும் உண்மை. துணைத் தலைவர்கள் மூவரும், உத்தியோக காலமெல்லாம் மேலதிகாரிகள் முன்னால் பழகிய தலையாட்டலை மரத்துக்கும் செய்தார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் சுபிக்ஷா தன் அம்மாவிடம், "யே பேட் கப் சுப் ஹோகா?" என்று கேட்டாள். இந்த மரம் எப்போது வாயை மூடும் என்பது அன்று எழுந்த ஒரே நியாயமான கேள்வி.

ராமமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார். "மாதங்கி, உங்க ஐட்டத்தை அடுத்த வருஷம் வெச்சுக்கலாமே. சாப்பாடு வந்துடுத்து."

"பதினஞ்சு நிமிஷம்னு அச்சடிச்சிருக்கேள் சார்" என்று சொல்லிவிட்டு, மாதங்கி நேரே போய் மரத்தின் பொன்னாடையை உருவினாள். மரம் பாதி வாக்கியத்தில் நின்றது. சிறப்பு விருந்தினரின் பொன்னாடையை உருவுவதா என்று ஒரு முணுமுணுப்பு எழுந்து, புளியோதரைப் பாத்திரத்தைத் திறந்த சத்தத்தில் அடங்கியது. ஐம்பத்தொரு பேரும் மகோகனி மரங்களின் நிழலில் தட்டோடு வரிசையில் நின்றார்கள். மாதங்கி காலி நாற்காலிகளைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினாள். நாகலிங்கம் தமிழ் நாட்டு மரமே இல்லை, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது என்பது அவளுடைய முதல் வரி.

நாகலிங்க மரம் அவள் பக்கம் சாய்ந்தது. தன்னைப் பற்றி ஒருவர் சரியாகச் சொல்லி அது அதுவரை கேட்டதில்லை. மூன்றாம் பக்கத்தில் கடம்பு வந்தது, கடம்பும் சாய்ந்தது. ஐந்தாம் பக்கத்தில் மகோகனியைப் பற்றிப் படித்தபோது, வரிசைக்கு மேலே நின்ற மகோகனிகள் வேரை அசைக்காமல் இடுப்பை மட்டும் வளைத்து அவளை நோக்கிக் குனிந்தன. நிழலும் கூடவே போய்விட்டது. வெயில் நேராக மண்டையில் இறங்கியது. துணைத் தலைவர் அழகர்சாமி, விமானப்படையில் இருபது வருடம் எதற்கும் அசையாமல் இருந்தவர், "அட என்னய்யா இது, தட்டே சுடுது! ஜல்தி வாங்க" என்று முதலில் நகர்ந்தார். தோட்டம் முழுவதிலும் மாதங்கியைச் சுற்றி மட்டுமே நிழல் இருந்தது. எல்லாரும் தட்டும் கையுமாக வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தயிர் வாங்க எழுந்தவர்கள் இரண்டடி வைத்துத் திரும்பினார்கள். மாதங்கி பன்னிரண்டு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

மரங்கள் அதன்பின் நிமிரவில்லை. பல்கலைக்கழகம் ஆளனுப்பி ஒவ்வொன்றின் சாய்வையும் அளந்து பதிவேட்டில் குறித்துக்கொண்டது. தோட்டக்காரர்கள் அந்த இடத்தில் இரண்டு பெஞ்சுகள் போட்டு மத்தியானம் தூங்குகிறார்கள். அடுத்த மாதம் செயற்குழு கூடியபோது, "கடும் வெயில் காரணமாக உறுப்பினர்கள் அனைவரும் செயலாளரின் உரையை இறுதிவரை கேட்டனர்" என்று ராமமூர்த்தி தீர்மானப் புத்தகத்தில் எழுதி அவளிடம் நீட்டினார். மாதங்கி இரண்டு முறை படித்துப் பார்த்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லாததால் கையெழுத்துப் போட்டாள்.