பின்னால் விழத் தெரியாதவள்

ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜேஸ்வரிக்கு ஒரே வேலைதான். விழுகிறவர்களைப் பிடிப்பது.

மடுல்கெல்ல கடைவீதியில் ஒரு இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கிறிஸ்தவச் சபை. தகரக் கூரை, உட்கார அறுபது பிளாஸ்டிக் கதிரை, ஒரு கீபோர்டு. ஆராதனை சூடு பிடித்ததும் பாஸ்டர் ராஜலிங்கம் மேடையிலிருந்து இறங்கி, வரிசையாக நிற்பவர்களின் நெற்றியில் கை வைத்து ஜெபிப்பார். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கிவிட்டால் ஆள் அப்படியே பின்னால் சாயும். மண்டை சீமெந்துத் தரையில் மோதாமல் அக்குளில் கை கொடுத்துத் தாங்கி, மெல்லக் கிடத்தி, பெண் என்றால் காலுக்கு மேல் ஒரு போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் ஓடுவாள் ராஜேஸ்வரி. மூன்று வருடத்தில் கை பழகிவிட்டது. நிஜமாக விழுகிறவருக்கு முழங்கால் மடங்காது, மரம் சாய்கிற மாதிரி வருவார். சும்மா விழுகிறவர் ஒரு காலைப் பின்னால் வைத்து, சேலையை ஒதுக்கி, இடம் பார்த்து வருவார். யார் எப்படி என்று அவள் மூச்சுவிட்டதில்லை. தாங்குவது மட்டும்தான் தன் வேலை என்று இருந்துவிட்டாள்.

ஆனால் வாய் சும்மா இருக்கிற பிறவி இல்லை அவள். சபையில் எதைச் செய்தாலும் 'இது வேதத்தில் எங்கே இருக்கு?' என்று தேடிப் பார்த்துவிட வேண்டும். கையை ஏன் உயர்த்துகிறோம்? சங்கீதத்திலும் இருக்கிறது, பவுல் எழுதிய கடிதத்திலும் இருக்கிறது. எண்ணெய் ஏன் பூசுகிறோம்? நோயாளிக்கு மூப்பர்கள் பூசி ஜெபிக்கட்டும் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். ஓசன்னா என்பது முதலில் வாழ்க கோஷமே இல்லை, 'இப்பவே காப்பாத்து' என்கிற கதறல். இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்து, பல்லேகலயில் அவள் வேலை செய்யும் தையல் தொழிற்சாலையில் பக்கத்து மெஷின் அனீஸாவின் காதில் ஓதாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

இவ்வளவு தேடியவள் தன் சொந்த வேலையைப் பற்றி மட்டும் தேடவில்லை. தேட வைத்தது அவள் அம்மா அழகம்மா.

அழகம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். ஆறு வருடமாகப் புதன்கிழமை தோறும் பின்னேரம் தொழிலாளர் வரிசையில் இருக்கிற அவள் லயத்து வீட்டில்தான் ஜெபக்கூட்டம். சின்ன அறைதான். பாய் விரித்தால் பதினைந்து பேர் முட்டி இடித்துக்கொண்டு உட்காரலாம். மலையிலிருந்து இறங்கின பெண்கள் முகம் கழுவிக்கொண்டு நேரே வந்துவிடுவார்கள். யாருக்குப் பிள்ளை சுகமில்லை, யாருடைய புருஷன் குடித்துவிட்டு அடித்தான், எல்லாம் அந்தப் பாயில் வந்து விழும். அழகம்மா பேர் சொல்லிச் சொல்லி ஜெபிப்பாள்.

அந்தப் பாய்க்குத்தான் ஆபத்து வந்தது.

சபையின் பெண்கள் கூட்டத்தில் சிஸ்டர் ரத்தினம்மா எழுந்து நின்றாள். கடைவீதியில் மாடி வீடு, சபையில் முன்வரிசைக் கதிரை, வாரா வாரம் தவறாமல் விழுகிறவள்.

"ஜெபக்குழுவ நடத்துறவங்க அபிஷேகம் பெத்தவங்களா இருக்கணும் பாஸ்டர். அழகம்மாக்கா ஆறு வருஷமா வர்றாங்க. ஒரு நாளாவது விழுந்திருக்காங்களா? உள்ளுக்குள்ள என்னமோ தடை இருக்கு. எங்க ஊட்டுல பெரிய ஹால் இருக்கு, கதிரை இருக்கு. புதன்கிழம கூட்டத்த அங்க வச்சுக்குவோம்."

பாஸ்டர் ராஜலிங்கம் நல்ல மனுஷன். குரல் மட்டும் இடி. யாரையும் நோகடிக்கத் தெரியாததால் எல்லாரையும் நோகடித்துவிடுகிற ரகம்.

"வர்ற ஞாயித்துக்கிழம எல்லா குழுத் தலைவிகளுக்கும் கை வச்சு ஜெபிக்கிறேன். ஆவியானவர் காட்டுறபடி முடிவெடுப்போம்" என்றார்.

முடிவு எல்லாருக்கும் விளங்கிவிட்டது. விழுந்தால் பாய் அழகம்மாவிடம். விழாவிட்டால் ரத்தினம்மாவின் ஹாலுக்கு. அங்கே போக லயத்திலிருந்து இரண்டு மைல் இறங்க வேண்டும். கொழுந்துக் கறை படிந்த கையோடு அந்த மாடிப்படி ஏற எத்தனை பேருக்கு மனசு வரும்?

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்த மகளுக்கு பிளேன்டியை நீட்டிய கையோடு அழகம்மா கேட்டாள்.

"ராஜி, ஞாயித்துக்கிழம நீதானே பின்னாடி நிப்ப?"

"ஆமா."

"நா விழுந்தா புடிச்சுருவல்ல?"

ராஜேஸ்வரிக்குத் தேத்தண்ணி புரையேறியது. "என்னாம்மா, சும்மா விழப் போறியா?"

"வேற என்னாடி செய்ய? அந்தப் புள்ளைங்க கூட்டத்துக்கு வர்றதே நம்ம ஊடுன்னாலதான். ஒரு நிமிசம் கண்ண மூடிட்டு விழுந்துட்டுப் போறேன். ஆண்டவருக்குத் தெரியாதா ஏன்னு?"

"ஆண்டவருக்குத் தெரியும். எனக்குமுல்ல தெரியும்!"

"நீ வாயத் தொறக்காத. மெத்தைய இழுத்துப் போடு, பழகிப் பாப்போம்."

போட்டாள். அழகம்மா மெத்தைக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடி, கையை உயர்த்தினாள். ராஜேஸ்வரி பாஸ்டரைப்போல் இடிக்குரலில் "அல்லேலூயா!" என்று நெற்றியில் கை வைத்துத் தள்ளினாள்.

அழகம்மா அசையவில்லை. மாறாக, தள்ளிய கைக்கு எதிராக முன்னால் சாய்ந்தாள்.

"பின்னாடிம்மா! பின்னாடி!"

"பின்னாடிதானே போறேன்?"

"எங்க போற? என் மேல ஏறிட்டு நிக்கிற!"

ஏழு தடவை தள்ளிப் பார்த்தாள். ஏழு தடவையும் தாய் முன்னால்தான் வந்தாள். முப்பது வருடம் செங்குத்து மலையில், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, இருபது கிலோ கொழுந்தை முதுகில் சுமந்து ஏறிய உடம்பு அது. பாரம் பின்னால் இழுத்தால் முன்னால் சாய வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தில்தான் கிடக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாலும் அந்தக் காலும் முதுகும் படித்த பாடத்தை மறக்கவில்லை. எட்டாவது தடவை இரண்டு பேரும் மெத்தையில் உட்கார்ந்து வயிறு நோகச் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் அழகம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு விழக்கூடத் தெரியலடி" என்றாள். அதில் சிரிப்பு இல்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மெஷின் இரைச்சலுக்கு நடுவே ராஜேஸ்வரி இந்தக் கதையைச் சொல்ல, அனீஸா தையலை நிறுத்தாமலே கேட்டாள்.

"எனக்கி ஒன்டு வெளங்கல்ல புள்ள. ஏன் பின்னுக்கு உழுகிய? நாங்க தொழுகக்கொள்ள நெத்தி தரையில பட முன்னுக்குத்தானே உழுகிற. அல்லாஹ்க்கு முன்னால ஈக்கக்கொள்ள மல்லாக்கப் படுத்தா மரியாதயா?"

"அது வேற, இது வேற" என்றாள் ராஜேஸ்வரி பட்டென்று.

"வேறதான். செல்லு பாப்போம், ஒங்கட வேதத்துல எந்தப் பக்கம் உழுந்தீக்கி?"

 மூன்று வருடமாக முதுகுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள் ராஜேஸ்வரி. ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்ன வாய்க்கு அனீஸா ஒரே கேள்வியில் பூட்டுப் போட்டுவிட்டாள்.

வத்தேகமயில் பஸ் மாறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, போனில் வேதாகமத்தைத் திறந்தாள். 'விழுந்து' என்று தேட ஆரம்பித்தாள். பன்விலயைத் தாண்டும்போது அவள் கண் விரிந்துவிட்டது. ஆபிரகாம் முகங்குப்புற. யோசுவா முகங்குப்புற. எசேக்கியேல் கடவுளின் மகிமையைப் பார்த்து முகங்குப்புற, அதுவும் ஒரு தடவை இல்லை. குணமான குஷ்டரோகி இயேசுவின் காலடியில் முகங்குப்புற. இயேசுவே தோட்டத்தில் ஜெபித்தபோது முகங்குப்புற. பின்னால் விழுந்தது யார்? கதிரையிலிருந்து மல்லாந்து கழுத்து முறிந்து செத்துப்போன ஏலி. அப்புறம், இயேசுவைப் பிடித்துக் கட்ட வந்த கூட்டம்!

"அடி ஆத்தி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் அத்தனையையும் தாயிடம் கொட்டினாள். அழகம்மா ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"எல்லாஞ் சரி. இத ரத்தினம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நா சொல்றேன்."

"நீ சொன்னா கேக்குமா அது? மக தாய்க்குப் பேசுறான்னுதான் சொல்லும். நாளைக்கு எப்புடியாவது விழுந்துர்றேன். ஒரு கால பின்னாடி வச்சுப் பாக்குறேன்."

"அம்மா, நீ அப்புடி விழுந்தீன்னா..." ராஜேஸ்வரி நிறுத்தினாள். "விழுந்தீன்னா நா புடிப்பேன். ஆனா அதுக்கப்புறம் அந்த வேலைக்கு நிக்க மாட்டேன்."

 மாவை உருட்டுகிற அழகம்மாவின் கை ஒரு கணம் நின்று, மறுபடி உருட்டியது.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. கீபோர்டு உருகியது, கைகள் உயர்ந்தன, ஸ்தோத்திரம் தகரத்தில் மோதித் திரும்பியது. நான்கு குழுத் தலைவிகள் வரிசையில் நின்றார்கள். முதல் மூன்று பேரும் விழுந்தார்கள். ராஜேஸ்வரி தாங்கினாள், கிடத்தினாள், போர்வை போட்டாள். நாலாவது அழகம்மா.

தாயின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். ரவிக்கைக்கு மேலே, வெயிலில் காய்ந்த கழுத்து தெரிந்தது. முன்வரிசையிலிருந்து ரத்தினம்மா எட்டிப் பார்த்தாள்.

பாஸ்டர் நெற்றியில் கை வைத்தார். "இறங்கும் ஆண்டவரே! இப்போதே இறங்கும்!"

அழகம்மாவின் வலது கால் மெல்லப் பின்னால் நகர்வதை ராஜேஸ்வரி பார்த்தாள்.  கையை நீட்டித் தயாரானாள். அந்தக் கால் பாதி வழியில் நின்றது. பிறகு, வந்த வழியே திரும்பிப் போய் பழைய இடத்தில் ஊன்றிக்கொண்டது.

பாஸ்டர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அழகம்மா முன்னால் சாய்ந்தாள். அவர் அழுத்த, இவள் சாய, மலையும் ஆளும் மல்லுக்கட்டுகிற மாதிரி இருந்தது. கடைசியில் கை வலித்ததோ என்னவோ, பாஸ்டர் கையை எடுத்தார்.

அழகம்மா முன்னால் போனாள். முழங்கால் தரையில் இடித்தது, உள்ளங்கை இரண்டும் ஊன்றியது, நெற்றி சீமெந்தில் பட்டது. அப்படியே பாஸ்டரின் சப்பாத்துக் காலுக்கு முன்னால் கால் நீட்டிக் குப்புறக் கிடந்தாள். பிடிக்க முன்னால் ஒருவரும் இல்லை. கீபோர்டுக்காரன் பயந்து நிறுத்திவிட்டான்.

"பாத்தீங்களா பாஸ்டர்!" ரத்தினம்மா எழுந்துவிட்டாள். "மாரியம்மன் கோயில்ல விழுற மாதிரி விழுறாங்க! பழைய பழக்கம் இன்னும் போகல!"

கூட்டம் முணுமுணுத்தது. பாஸ்டர் தடுமாறினார். கீழே கிடந்தவள் மட்டும் யாரையும் கேட்காமல், புதன்கிழமைப் பாயில் ஜெபிக்கிற அதே குரலில், லயத்துப் பெண்களின் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ராஜேஸ்வரி பிடிக்கிற இடத்தை விட்டு முன்னால் வந்தாள். போனை அல்ல, பாஸ்டரின் மேடையில் இருந்த பெரிய வேதப் புத்தகத்தையே தூக்கி வந்தாள்.

"பாஸ்டர், நீங்க அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம்னு அடிக்கடி பிரசங்கம் பண்ணுவீங்கல்ல, கொரிந்தியர்ல அந்த அதிகாரம். அதுலயே கொஞ்சம் கீழ படிங்க. சபைக்குள்ள ஒருத்தனோட மனசுல இருக்கிறது வெளிப்பட்டா அவன் எந்தப் பக்கம் விழுவான்னு பவுல் எழுதியிருக்காரு."

"ஏ புள்ள, பாஸ்டருக்கே படிச்சுக் குடுக்குறியா?" என்றாள் ரத்தினம்மா.

"இல்லீங்க சிஸ்டர். நாந்தான் மூணு வருஷமா எல்லாரையும் புடிக்கிறேன். எங்க புடிக்கணும்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை. இருபது வருடம் பிரசங்கித்த அதிகாரத்தில் புதிதாக ஒரு ஆளைச் சந்தித்த மாதிரி இருந்தது அவர் முகம்.

"முகங்குப்புற விழுந்து பணிஞ்சுக்குவான்னுதான் இருக்கு" என்றார், இடியில்லாத குரலில். "பின்னால விழுந்தவங்களையெல்லாம் நா குறை சொல்ல வரல. ஆனா முன்னால விழுந்தத தப்புன்னு சொல்ல என்னால ஏலாது. சிஸ்டர், உட்காருங்க. புதன்கிழம கூட்டம் அழகம்மாக்கா ஊட்டுலயே நடக்கட்டும்."

மலையேறி வீட்டுக்குப் போகிற வழியில் ராஜேஸ்வரி கேட்டாள்.

"கால ஏம்மா திரும்ப முன்னாடி வச்ச?"

"நீ வேலைய உடுவேன்னு சொன்னியே. பொய்யா ஒரு சுமையத் தூக்கி உன் கையில குடுக்க மனசு வரல."

"குப்புற விழுந்தது?"

"அது நா விழல. அவரு கைய எடுத்தாரு, போய்ட்டேன்." நெற்றியில் புடைத்திருந்த வீக்கத்தைத் தடவிப் பார்த்தாள். "போனதுக்கப்புறம் எந்திரிக்கத்தான் மனசில்ல."

புதன்கிழமை பாயில் பதினைந்து பேர் இல்லை, இருபத்திரண்டு பேர். இடமில்லாதவர்கள் வாசலில் நின்றார்கள். பாட்டு தொடங்கிய பிறகு ரத்தினம்மா வந்தாள், மலையேறி வந்த மூச்சு வாங்க. உள்ளே வந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். கதிரை ஒன்றும் கிடையாது. அவள் கண் பழக்கத்தில் ராஜேஸ்வரியைத் தேடியது.

"எனக்குப் பின்னாடி யாரும் நிக்கலியா?"

"இங்க புடிக்கிறதுக்கு ஆள் இல்லீங்க சிஸ்டர்" என்றாள் ராஜேஸ்வரி, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டபடி. "பாய் இருக்கு. இப்புடி வாங்க."