ஒன்றுமில்லை என்று சொல்கிற வேலை

...இல்லை, பேட்டரிக் கோளாறாகத்தான் இருக்கும், சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்த கதிர்வீச்சு அளக்கிற கருவி, ஜீப்பில் வெயிலில் கிடந்தது, அதற்கும் கொஞ்சம் கிறுக்குப் பிடிக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டே ஜெயபாண்டி அதை அணைத்துவிட்டு மறுபடி போட்டான், டிக்... டிக்... ஒத்தக்கடை வீட்டின் முன்னறையில் அது ஒழுங்காகத்தான் பேசியது, மண்ணிலும் சுவரிலும் யானைமலைக் கல்லிலும் இயற்கையாகவே இருக்கிற கதிர்வீச்சுக்கு அவ்வளவுதான் பேச வேண்டும், ஆனால் தங்கச்சி அன்னக்கொடி தாம்பாளத்தோடு வாசல்படிக்கு வந்தாள், தகரக் கொட்டகையில் மழை விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவள் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள், மழை நின்றுவிட்டது. தாம்பாளத்தில் ஏதாவது இருக்குமோ? மஞ்சள், பூ, கண்ணாடி வளையல்... வேறொருத்தி அதே தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள், டிக்... டிக்... தாம்பாளம் இல்லை. உள்ளே மனைவி கனகலட்சுமி வளைகாப்புக்கு அலங்காரம் செய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை, சுற்றிலும் பெண்கள் சிரிக்கிறார்கள், இந்தச் சத்தம் தனக்கு மட்டும்தான் கேட்கிறதா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

கடலோரத்தில் இருக்கிற அரசாங்க அணு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்றால் சொந்தக்காரர்கள் அவன் ஏதோ குண்டு உருட்டுகிறான் என்றே நினைக்கிறார்கள், அவன் வேலையோ ஊர் ஊராகப் போய் மண்ணும் பாலும் கிணற்றுத் தண்ணீரும் எடுத்து வந்து, புதிதாக எதுவும் சேரவில்லை, ஒன்றுமில்லை என்று அளந்து சொல்வது, அதற்குத்தான் சம்பளம். நேற்றுக்கூட ஒரு கொடிக்கால்காரர், நல்லகாமன் என்று பெயர், வெற்றிலையைக் கிள்ளிக் கொடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டார், "ஒண்ணுமில்லைன்னா எதுக்குத் தம்பி இம்புட்டுத் தூரம் வாரீக?" சிரித்துவிட்டு வந்தான். எத்தனை ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான், ஒருத்தராவது நம்பியிருப்பார்களா... சரி, அது கிடக்கட்டும், தங்கச்சி கொடி எங்கே போனாள்? கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான், நெருங்க நெருங்கப் பைக்குள்ளிருந்து மழை வலுத்தது, சொந்தத் தங்கச்சியை நோக்கி நடப்பதற்கு முதுகு கூசியது, என்ன பிழைப்பு இது.

துவைகல் பக்கத்தில் தனியாக நின்றாள், கழுத்தெலும்பு தெரிய இளைத்து, கண் மட்டும் பெரிதாகி, விரல் நடுங்க. அந்தக் கண்ணையும் நடுக்கத்தையும் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். "அண்ணே, கிட்ட வராத," என்றாள். தைராய்டு முற்றிப்போய், ஆஸ்பத்திரியில் கதிரியக்க அயோடின் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள், அரசாங்க அணு உலையில் தயாராகிற மருந்துதான், எத்தனை உயிரைக் காப்பாற்றுகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான், கர்ப்பிணிகள் பக்கம் கொஞ்ச நாள் போகாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வராமல் இருந்தால் பிள்ளையில்லாதவள் பொறாமையில் வரவில்லை என்பார்கள், அதனால் வந்து எட்டவே நின்றுவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். "ஆறு மாசத்துக்குப் புள்ள தரிக்கக் கூடாதாம்ணே. அத்தைக்குத் தெரிஞ்சா அன்னிக்கே என்னய இங்க கொண்டாந்து விட்டுட்டு, அவருக்கு வேற பொண்ணு முடிச்சிரும்." அத்தை என்றால் மாமியார் சுந்தரம்மாள், செல்லூர்க்காரி, கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், பெண் தேடத் தொடங்கிவிட்டாள் என்பது ஊரறிந்த சங்கதி. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் என்ன, அவள் உடம்பிலிருந்து பிள்ளைக்குப் போய்ச் சேர்கிற கதிர்வீச்சு மிகச் சொற்பம், ஒன்றுமில்லை என்றே சொல்லலாம், அடுத்தவன் பிள்ளையாக இருந்தால் அவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். தன் பிள்ளைக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை, அவனுக்கே வெட்கமாக இருந்தது.

நாத்தனார் எங்கே, முதல் வளையலை அவள்தானே போட வேண்டும் என்று கூடத்தில் குரல் கேட்டது, அந்தக் குரலோடு சுந்தரம்மாளே கொல்லைக்கு வந்து மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள், வளையலைப் போட்டுவிட்டு லட்சுமி பக்கத்திலேயே ஒட்டி உட்கார வேண்டுமாம், அவள் கையிலிருந்து ஒன்றைக் கழற்றி இவள் கையில் மாட்டினால் அடுத்த வருடம் இவளுக்கு இதே நாற்காலியாம். கொடி கால் ஊன்றிப் பார்த்தாள், முடியவில்லை, அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் அவள் வாழ்க்கை போச்சு, சொல்லாவிட்டால்... யோசிக்க எங்கே நேரம், அவர்களை முந்திக்கொண்டு ஓடிக் கூடத்து நிலைப்படியில் குறுக்கே நின்றான், கொடி அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நிற்க, கருவியை எடுத்துத் தன் நெஞ்சுமேல் வைத்தான். அது அலறியது. குலவை பாதியில் நின்றது. "எங்கிட்ட இருந்துதான் வருது, வேலை பாக்குற எடத்துல ஒட்டிக்கிட்டது போல," என்றான், "கொடி காலையில இருந்து எம்பையத் தூக்கிட்டுத் திரிஞ்சா, அவளும் வேணாம், நாங்க ரெண்டு பேரும் லட்சுமிகிட்ட வரல."

கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தான், எப்படி ஒட்டும், எப்போது ஒட்டியது, அங்கே சோதிக்காமலா வெளியே விடுகிறார்கள் என்று... சோதித்துத்தான் விடுகிறார்கள், சோதனை இயந்திரத்தில் கையும் காலும் வைத்துப் பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் வாசலைத் தாண்டுவான், இன்னொரு பொய்யும் தயாராக வைத்திருந்தான். ஒருவரும் கேட்கவில்லை. சுந்தரம்மாள் மருமகள் கையை விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். லட்சுமியின் அம்மா முந்தானையை இழுத்து மகள் வயிற்றை மூடினாள். ஊருக்கெல்லாம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று தொண்டை வற்றக் கத்தினான், நம்ப ஆளில்லை, இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னான், அத்தனை பேரும் அப்போதே நம்பிவிட்டார்கள். கருவியை அணைத்தான். கொடி யாரையும் பார்க்காமல் மேலூர் ரோட்டுக்கு நடந்து பஸ் ஏறிவிட்டாள். யாரோ ஒரு அக்கா முதல் வளையலைப் போட, மற்றவர்கள் அவசர அவசரமாக முடித்தார்கள், கலவை சாதம்கூட அவனுக்கு எட்டத்தில் வைக்கப்பட்டது.

லட்சுமியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிற கார் கிளம்பும்போது அவன் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றான், கூடப் போக வேண்டியவன். கண்ணாடியை இறக்கச் சொல்லி அவள் பார்த்தாள், பயமோ கோபமோ முகத்தில் இல்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "வருத்தப்படாதீங்க," என்றாள், "எனக்கு முன்னாடியே தெரியும். கல்யாணமான புதுசுல இருந்தே ஒங்க துணிய நான் தனியாத்தானே தொவைக்கிறேன்." கண்ணாடி ஏறிவிட்டது. தனியாகவா? கல்யாணமான புதிதிலிருந்தா? ராத்திரி அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பது புழுக்கத்தினால் என்றல்லவா நினைத்திருந்தான், மாசமான பிறகு தலையணையை நடுவில் வைத்ததும்கூட... பொய் என்று இப்போது கத்தலாம், கொடியின் பஸ் செல்லூருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது, கத்தினால் கொடியை இங்கேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள், கத்தாவிட்டால் பிறக்கப் போகிற பிள்ளையை இவன் கையில் கொடுப்பார்களா? கார் திருப்பத்தில் மறைந்தது. உள்ளே வந்து, ஆளில்லாத கூடத்தில் கருவியைப் போட்டு நெஞ்சுமேல் வைத்தான். டிக்... டிக்... ஒன்றுமில்லை. தெரிந்ததுதானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றி மறுபடியும் வைத்துப் பார்த்தான்.