கறார் விட்டுவைத்த பிழை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. லென்ஸைப் பிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்தி, திருகை முடுக்கி, துடைத்து முன்னால் அனுப்ப வேண்டும். மதியச் சாப்பாட்டு வேளையில் இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது, வசவு மட்டும் உண்டு. சொந்தமாகப் புத்தகம் போட்டுக்கொள்கிறவர்களின் துப்பறியும் கதை, பேய்க்கதை, பழிவாங்கும் கதை எல்லாவற்றையும் இணையத்தில் தேடிப் படித்து, மனசில் பட்டதை அப்படியே எழுதிப் போடுவாள். 'கறார்' என்று புனைபெயர். படிப்பவர்கள் எல்லோரும் ஆண்பிள்ளை என்றே நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு நஷ்டம்!

குற்றம் கண்டுபிடிக்கவே பிறந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் புத்தகங்கள் மேல் அவளுக்கு உயிர். அட்டையில் ரத்தம் சொட்டும். மூன்றாம் அத்தியாயத்தில் செத்த டிரைவர் ஒன்பதாம் அத்தியாயத்தில் வந்து கார் கதவைத் திறந்துவிடுவான். அத்தியாயத்துக்கு அத்தியாயம் 'திடுக்கிட்டான்' என்று முடியும். அடுத்ததைப் புரட்டினால் வந்தது பூனை. ஆனால் நடுவில் எங்கேயோ ஒரு பக்கம் வரும் பாருங்கள், எழுதியவனின் நெஞ்சுக்குள்ளிருந்து நேரே எழுந்து வந்தது போல, பெரிய பதிப்பகத்துக்காரர்கள் சீவிச் சிங்காரித்துப் போடும் புத்தகங்களில் கிடைக்காத பக்கம். அதற்காகத்தான் மற்றப் பக்கங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பாள்.

'ஏழாவது மாடியில் எமன்' அப்படித்தான் வந்து சேர்ந்தது. எழுதியவர் பெயர் இருள்வேந்தன். கூடவே ஒரு செய்தி: "கறார் சார், இது என் முதல் நாவல். வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் நல்லாயிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள். இது தேறுமா தேறாதா என்று மட்டும் சொல்லுங்கள்."

அடுத்து இதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்று அன்றைக்கே அறிவித்துவிட்டாள். அவசரப்பட்டாள்.

முதல் பக்கத்திலேயே துப்பறிவாளனின் மனைவி செத்துப்போனாள். சமையலறையில், குழாயை மூடாமல். சரி, போகட்டும். துப்பறிவாளன் மூன்றாவது பக்கத்தில் பிணத்தைப் பார்த்துவிட்டு நெடுமூச்சு விட்டுச் சொன்னான்: "தலைக்கு மேல வேலை போன பிறகு ஜாண் என்ன, முழம் என்ன."

அவள் கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது.

தலைக்கு மேலே போவது வெள்ளம். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லும். வேலை என்று சொல்வது உலகத்திலேயே ஒரு மனிதர்தான், அவளுடைய வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். மண்டைக்கு மேலே லிஃப்ட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆயுசு முழுக்க வேலை பார்த்தவருக்கு வெள்ளம் எங்கே நினைவுக்கு வரும்? கல்யாணமான புதிதில் திருத்தித் திருத்திப் பார்த்தாள். பிறகு அவளுக்கே வாயில் அப்படித்தான் வந்தது.

பில் போடுகிறவள் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? கல்லு கடிச்சிருச்சா?"

"கல்லு இல்லடி. மலையே கடிச்சிருச்சு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவர் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் கால் நழுவி, ஒற்றைக் கையில் தொங்கி, எப்படியோ பிழைத்தார். தோள் போய்விட்டது. இனி ஏற வேண்டாம் என்று கம்பெனியில் புகார்த் தொலைபேசி முன்னால் உட்காரவைத்தார்கள். அதோடு அவருடைய பேச்சும் போயிற்று. கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. குழிக்குள் என்ன நடந்தது என்று அவள் கேட்ட போதெல்லாம் எழுந்து போய்விடுவார். சமீபமாகத்தான் முகம் தெளிந்திருந்தது. குளிக்கும்போது பாட்டுக்கூட வந்தது. ஆனால் கைப்பேசியைக் கவிழ்த்துக் கவிழ்த்து வைத்தார். அவள் புத்தி போகாத இடமெல்லாம் போய், யாரவள் என்று தவித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அந்தச் சக்களத்தி இந்த எமன்தானா!

சிரிக்கத்தான் தோன்றியது. இரண்டு அத்தியாயம் தாண்டியதும் சிரிப்பு ஓடிப்போயிற்று. புத்தகம் நன்றாக இல்லை.

துப்பறிவாளனின் கன்னத்துத் தழும்பு இடமிருந்து வலம் மாறியது. பூனை மூன்று முறை வந்தது. கொலைகாரன் வாட்ச்மேன்தான் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். நல்லபடி எழுதினால் பொய்; அவரே கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்ட ஒன்றை அவருக்கு மறுத்த மாதிரி. உள்ளதை எழுதினால்? மறுபடி அந்த "ம்" வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டால்? அன்று பிற்பகல் ஒரு லென்ஸை அளவு தப்பித் தேய்த்துவிட்டாள். அவள் கையில் அப்படி நடந்ததே இல்லை.

வீட்டிலோ பெரிய கூத்து. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர் கைப்பேசியை எடுப்பதும் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"யாரையாச்சும் எதிர்பாக்கறீங்களா?" என்று கேட்டாள், தெரியாதவள் போல.

"ஒரு ஆளு ஒரு விஷயம் சொல்றேன்னான். இன்னும் சொல்லல."

"சொல்வாரு. அவருக்கும் என்ன கஷ்டமோ."

"அவனுக்கென்ன கஷ்டம்? காத்துக்கிட்டு இருக்கறவனுக்குத்தானே தெரியும்."

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

பாதிக்கு மேல் ஒரு அத்தியாயம் வந்தது. துப்பறிவாளன் லிஃப்ட் குழிக்குள் ஒற்றைக் கையில் தொங்குகிறான். கிரீஸ் வாடை. மேலே எங்கேயோ கதவு திறந்து மூடும் சத்தம். கத்த வாயெடுத்தால் குரல் வரவில்லை. கை வழுக்க வழுக்க அவன் நினைத்தது கொலைகாரனை அல்ல. செத்த அன்று காலையில் மனைவி கேட்ட ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டதைத்தான். கடையின் பின்னறையில் அவள் மெஷினை நிறுத்திவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷமாகக் கேட்டும் கிடைக்காத பதில் அங்கே எழுத்தில் இருந்தது.

அன்றைக்கே எழுதிப் போட்டாள். இரண்டு நட்சத்திரம். தழும்பு, பூனை, வாட்ச்மேன் எதையும் விடவில்லை. "லிஃப்ட் குழி அத்தியாயத்தில் மூச்சு விட மறந்தேன். இருள்வேந்தன் பயமுறுத்த முயலாத இடத்தில்தான் பயமுறுத்துகிறார். இவருக்கு எழுத வரும். ஆனால் இந்தப் புத்தகம் தேறவில்லை" என்று முடித்தாள்.

மறுநாள் ஞாயிறு. அவர் விடிந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வந்து கைப்பேசியை நீட்டினார்.

"இதைப் படி. இருள்வேந்தன்னு போட்டிருக்கே, அது நான்தான்."

"அய்யய்யோ, நீங்களா!" என்று வாயைப் பிளந்தாள். அந்த நடிப்பு அவளுக்கே சகிக்கவில்லை. "ரெண்டு நட்சத்திரமா? கொழுப்பெடுத்தவன்!"

"திட்டாத. சரியாத்தான் சொல்லியிருக்கான். தழும்பு மாறினது எனக்கே தெரியல." ஈரத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்ணுதான் இடிக்குது. இந்தாளு எழுதினது பூரா படிச்சிருக்கேன். ஒத்தெழுத்து விட்டுப்போனாலும் உசுரை எடுப்பான். என் துப்பறிவாளன் புத்தகம் பூரா தலைக்கு மேல வேலை போன பிறகுங்கறான். அதை மட்டும் விட்டுட்டானே?"

"கவனிச்சிருக்க மாட்டான்."

"கறாரு? கவனிக்காமலா?" நிமிர்ந்து பார்த்தார். "அதைத் தப்புன்னு சொல்லாம விடறதுக்கு ஊரு உலகத்துல ஒருத்திதான் இருக்கா."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மூட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"பொய் வேண்டாம்னு நீங்கதானே கேட்டீங்க" என்றாள். "பேசாம மட்டும் இருந்துடாதீங்க. கோவம்னா திட்டிடுங்க. ம்னு மட்டும் சொல்லாதீங்க, தாங்க மாட்டேன்."

அவர் கை நீட்டிக் குழாயை மூடினார். கெட்டுப்போன தோள்தான்; முகம் சுளித்தபடியே மூடினார்.

"குழி பத்தி எழுதினியே. அது எனக்காகச் சொன்னதா, நிஜமா?"

"நிஜம்ங்க. ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"வாயில வரல. எழுதினா வந்துச்சு." முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீயும் உட்காரு. எங்கெங்க சறுக்கியிருக்குன்னு காட்டு. முதல்லேர்ந்து."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பக்கம் வந்ததுமே கேட்டுவிட்டாள். "அதிருக்கட்டும், எடுத்த எடுப்புல என்னை எதுக்குங்க கொன்னீங்க?"

"பின்னே? நீ உசுரோட இருந்தா மூணாம் பக்கத்துல கண்டுபிடிச்சிட மாட்டியா?" என்றார். "அப்புறம் எனக்கு என்ன வேலை?"