ஒரு ஆணிகூட இல்லாத விடுதி

கடைத்தெருவின் நடுவே, பேருந்துகள் உறுமிக்கொண்டே திரும்பும் முனையில், ஆறு மாதம் முன்பு திறந்த விடுதி அது. வாடகை கம்மி, பகட்டு ஜாஸ்தி. பூசாத சிமெண்டுச் சுவர், கூடத்தில் ஊஞ்சல், கம்பிக் கூண்டுக்குள் பல்பு என்று பார்க்கிறவர் வாயைப் பிளக்க வேண்டும். அறைக்கு எட்டுக் கட்டில், மேலும் கீழுமாக. கட்டிலுக்கு ஒரு மஞ்சள் திரை. அந்தத் திரைகளைத் தைத்தது நம் தையல்காரியும் அவள் நாத்தனாரும்தான். கடைக்குப் பெயரே 'அண்ணி நாத்தனார் டெய்லர்ஸ்'.

விடுதிக்கு உழைத்தவர்கள் பெயரையெல்லாம் வாசல் சுவரில் வரிசையாக எழுதியிருந்தார்கள். மூன்றாவது வரி இவர்களுடையது. நாத்தனார் அதன் பக்கத்தில் பல்லைக் காட்டி நின்று எடுத்த படத்தைச் சொந்தபந்தம் ஒருத்தர் விடாமல் அனுப்பி உயிரை வாங்கியிருந்தாள். இப்போது அந்த வரிமேல் வெள்ளை அடித்திருந்தார்கள்.

காரணம், திரைகள் கிழிந்தன. ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை, மாதம் பதினைந்து! மேலே கம்பியில் கோத்திருந்த துணிக் காதுகள் பிய்ந்து, தூங்குகிறவர்கள் முகத்தில் விழுந்தன. விடுதியை வடிவமைத்த டிசைனர் போனில் ஒரே போடாகப் போட்டார்.

"உங்க தையல் சரியில்லம்மா. விடுதியோட ரெண்டாவது கட்டடத்துக்கு வேற ஆளைப் பார்த்துட்டேன். நாளைக்குக் காலையில இங்க வந்து மாதிரிக்கு அளவெடுக்கறார்."

"ஒரே ஒரு தடவை நான் வந்து பார்க்கறேன் சார்."

"பார்க்க என்ன இருக்கு? கிழிஞ்சது கிழிஞ்சதுதான்."

தையல்காரி போனைப் பட்டென்று வைத்தாள். அந்த இரண்டாவது கட்டடத்தை நம்பித்தான் புதிதாக இரண்டு பெண்களை வேலைக்குச் சேர்த்திருந்தாள். அதுகூட ஒரு பக்கம் கிடக்கட்டும். தையல் சரியில்லையாமே! இருபது வருஷத்தில் அந்தப் பேச்சை அவள் கேட்டதே இல்லை.

"அவர் விடலேன்னா என்ன அண்ணி? அது தங்கற இடம்தானே? நாமளும் போய்த் தங்குவோம்" என்றாள் நாத்தனார். அவளுக்கு வாய் நீளம். மூளையும் நீளம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மதியமே போய் நின்றார்கள். ரிசப்ஷன் பெண் சிரித்த முகமாக, "ஊர் சுத்திப் பார்க்க வந்தீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"கர்ட்டனைச் சுத்திப் பார்க்க வந்தோம்" என்று நாத்தனார் ஆரம்பிக்க, தையல்காரி அவள் காலை ஓங்கி மிதித்தாள்.

அறைக்குள் நுழைந்ததும் பிய்ந்த காது ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நூல் அறுந்திருக்கவில்லை. நூலைச் சுற்றியிருந்த துணிதான் விட்டிருந்தது. "பக்கவாட்டுல இழுத்துக் கிழிஞ்சதில்லடி இது. பாரம் தாங்காமக் கிழிஞ்சிருக்கு."

"பாரமா? குரங்கா வந்து தொங்கிச்சு?"

தெரியவில்லை. பெண்கள் மட்டும் தங்கும் அறை, யாரும் திரையில் தொங்குகிற மாதிரி இல்லை. ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வெளியே போயிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொப்பலாக நனைந்து வந்து, நடைக்கோடியிலிருந்த குளியலறைக்கு ஓடினார்கள். தையல்காரியும் குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். நாத்தனாரிடம் எதையோ சொல்லிக்கொண்டே, ஈரத் துண்டை உதறித் திரைமேல் போட்டாள்.

டப்.

ஒரு காது பிய்ந்து தொங்கியது.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஐயோ அண்ணி! கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்களே!" என்று நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடக் கடவுளே! தைத்தவளே தன் திரையில் துண்டைப் போட்டால் மற்றவர்களை என்ன சொல்ல? அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஆறு திரைகளில் ஆறு ஈரத் துண்டுகள், ஒன்றில் ஜீன்ஸ் வேறு. மேல் கட்டில் பெண் நேர்முகத் தேர்வுக்கு வந்து நான்கு நாளாகத் தங்கியிருந்தாள். "ஏம்மா இதுல போடறே?" என்று அவளிடம் கேட்டாள்.

"வேற எங்க ஆன்ட்டி போடறது? சுவத்துல ஒரு ஆணி காட்டுங்க பார்ப்போம்."

காட்ட முடியவில்லை. ஊஞ்சல் மாட்ட இடம் இருந்த விடுதியில் துண்டு மாட்ட இடமில்லை!

ரிசப்ஷன் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டால், அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாங்களும் கேட்டோம் ஆன்ட்டி. சுவத்துல ஓட்டை போட்டா அழகு போயிடும்னு டிசைனர் சார் ஒரே பிடிவாதம்."

"ஓட்டை போடாம நான் மாட்டித் தரேன். நீ சும்மா பாரு."

தையல்காரியின் பையில் மிச்சத் துணி இல்லாத நாளே கிடையாது. அதே மஞ்சள் துணியை நாலாக மடித்துப் பட்டை தைத்து, தடித்த பித்தான் வைத்து, கட்டிலின் கால்மாட்டு இரும்பில் சுற்றிப் பூட்டினாள். அதில் துண்டைச் செருகினால் நகராது, சுவரும் தப்பித்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் ஏழு கட்டிலுக்கும் பட்டை ஏறிவிட்டது, பிய்ந்த காதுகளும் ஒட்டிவிட்டன. தன் கட்டிலை மட்டும் தொடவில்லை. "இது சாட்சி. அப்படியே கிடக்கட்டும்" என்றாள்.

காலை ஒன்பது மணிக்கும் மழை விடவில்லை. சொன்னபடியே டிசைனர் வந்தார், பின்னால் அளவு நாடாவோடு புதுத் திரைக்காரர். ரிசப்ஷன் பெண் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு அவர்களை அறைக்குள் விட்டாள். தையல்காரியைப் பார்த்ததும் டிசைனர் முகத்தைச் சுளித்தார்.

"நீங்க எங்கம்மா இங்க?"

"தங்க வந்தேன் சார். நேத்து ராத்திரி உங்க விருந்தாளி நான்."

"நான்தான் சொல்லிட்டேனே, தையலே சரியில்லைன்னு. துணி நல்ல துணி, டிசைன் நல்ல டிசைன்…" என்று பேசிக்கொண்டே மழைக்கோட்டைக் கழற்றினார். சொட்டிக்கொண்டிருந்த கோட்டோடு இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். சுவர் மொட்டையாக நின்றது. "…தையல்லதான் கோளாறு" என்று முடித்துவிட்டு, கோட்டைத் தூக்கித் தையல்காரியின் திரைமேல் போட்டார்.

டப், டப் என்று இரண்டு காதுகள் போயின.

மேல் கட்டில் பெண்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் அறையே சிரித்தது. டிசைனர் முகத்தில் ஈயாடவில்லை. மிச்ச ஏழு திரைகளும் மடிப்புக் குலையாமல் தொங்குவதையும், கால்மாட்டுப் பட்டைகளில் துண்டுகள் சமர்த்தாகக் கிடப்பதையும் அப்போதுதான் பார்த்தார்.

"நாலு நாள்ல நேத்துதான் சார் கர்ட்டனை மூடிட்டு நிம்மதியாத் தூங்கினேன்" என்றாள் மேல் கட்டில் பெண்.

புதுத் திரைக்காரர் நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நான் தைச்சாலும் இதே கதிதான் சார். இந்தம்மாவையே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். நல்ல மனுஷன்.

டிசைனர் முகத்தில் அசடு வழிந்தது. கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு, "சரிம்மா, என் தப்புதான். ரெண்டாவது கட்டடம் உங்களுக்கே. இந்தப் பட்டையும் சேர்த்துத் தைச்சுக் குடுங்க" என்றார்.

"தைக்கறேன் சார். அதுக்கு முன்னாடி வாசலுக்கு வாங்க."

எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். தையல்காரி சுவரைக் காட்டினாள். டிசைனர் தன் சாவியால் தானே அந்த வெள்ளையைச் சுரண்டினார். முதலில் 'நாத்தனார்' வந்தது. நாத்தனார் கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். பிறகு 'அண்ணி' வந்தது. தையல்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

சுரண்டி முடித்த டிசைனர், சொட்டும் கோட்டோடு மறுபடியும் அங்குமிங்கும் பார்த்தார்.

தையல்காரி பையிலிருந்து ஒரு மஞ்சள் பட்டையை எடுத்து, வாசலை அடுத்த கூடத்து ஊஞ்சல் சங்கிலியில் பூட்டினாள். "இதுல மாட்டுங்க சார். நல்ல தையல், தாங்கும்."