பாலைத்தான் முதலில் ஊற்ற வேண்டும்

வாரன் தன் கோப்பையில் முதலில் பாலை ஊற்றினான், பிறகு தேநீரை. மகன் கால்வின் மாற்றிச் செய்துவிட்டான்.

"என்னடா இது? பாலைத்தான் முதல்ல ஊத்தணும். இங்கிலீஷ்காரன் அப்படித்தான் குடிப்பான்."

விடுதிக்காரி திருமதி ஹாட்டர்ஸ்லி அடுப்படி வாசலில் நின்றபடி, தேயிலைப் பை மிதந்த குவளையில் கடைசியாகப் பாலைச் சரித்துக்கொண்டிருந்தாள். "அப்படியா ராசா? எனக்கு யாரும் சொல்லலியே!"

வாரனின் மனைவி மார்லீன் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் கணவன் சிரிக்கவில்லை. இங்கிலாந்தில் அவனுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், அங்கே குடியிருக்கிறவர்கள்.

அமெரிக்காவின் ஒஹாயோவில் பல் வைத்தியன் அவன். ஏழு வயதில் ஒரு பிஸ்கட் டப்பா மூடியில் கோட்டையும் ஆடுகளும் பார்த்து மயங்கியவன், நாற்பத்திரண்டு வயதாகியும் தெளியவில்லை. வாயைப் பிளந்து படுத்திருக்கும் நோயாளிகளிடம் ராஜாக்களின் வரிசையை ஒப்பிப்பான். பாவம், அவர்களால் எழுந்து ஓடவும் முடியாது. பிள்ளைகளுக்குப் படுத்துக்கொண்டே கேட்கும் வசதிகூட இல்லை. பன்னிரண்டு நாளில் ஒன்பது தேவாலயம், ஆறு கோட்டை. எட்டு வயது மகள் நோராவின் குதிகாலில் கொப்புளம் வெடித்தபோது, "வரலாறுன்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்" என்றான்.

அன்று விடுதி வாசலிலேயே பாடம் தொடங்கிவிட்டது.

"நம்ம ஊர்ல ரோட்டுல கால் வைக்கிறதுக்கு முன்னாடி இடது பக்கம் பார்ப்போம். இங்க வண்டி எந்தப் பக்கமிருந்து வரும்? கை காட்டுங்க!"

இருவரும் வலது பக்கம் கை காட்டினார்கள்.

அப்போது எதிர் வீட்டுச் சுவரில், யாரோ ஒரு பிரபு பிறந்த இடம் என்ற வட்டப் பலகை அவன் கண்ணில் பட்டது. கேமராவைத் தூக்கிக்கொண்டு, பிறந்த நாள் முதல் வந்த பழக்கத்தில் இடது பக்கம் பார்த்தான். தெரு காலியாக இருந்தது. இறங்கினான். வலது பக்கமிருந்து ரொட்டி வண்டி வந்தது.

பிள்ளைகள் நீட்டிய கையை இன்னும் இறக்கியிருக்கவில்லை.

"அப்பாவை இங்கயே பொதைச்சிடலாம்மா," என்றாள் நோரா மறுநாள். "அவருக்கு அதுதான் பிடிக்கும்."

"எங்க தேவாலயத்துல இடம் இருக்கு, கண்ணு," என்றாள் திருமதி ஹாட்டர்ஸ்லி. "நான் போய்ப் பாத்துக்கறேன்."

"எதுக்கு? படுத்துக்கிட்டே உங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கவா?" என்றாள் மார்லீன். "அவன் யாருன்னே இந்த ஊருக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க இருக்கிற இடத்துக்கு வரட்டும்."

"உனக்கு அப்பாவையே பிடிக்கலை," என்றான் கால்வின்.

அந்த வாரம் அது உண்மைதான். அவ்வளவு படித்தவன், ஒரு தெருவைக் கடக்கத் தெரியாமல் போய்ச் சேர்ந்தான்.

ஒஹாயோவில், நெடுஞ்சாலையை ஒட்டிய கல்லறையில் அவனைப் புதைத்தார்கள். பிள்ளைகள் ஒரு மாதம் அவளிடம் பேசவில்லை. ராணி படம் போட்ட தட்டுகளை அவள் தேவாலய விற்பனைக்குக் கொடுத்தாள். வரைபடங்களைக் குப்பையில் எறிந்தாள். காப்பிக்கு மாறினாள்.

வருடங்கள் பல கழித்து, போன கோடையில் கால்வின் தன் இரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கே போனான் என்கிறீர்கள்? அங்கேதான். ஒன்பது தேவாலயம். திரும்பி வந்து அவள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, படங்களைக் காட்டித் தீர்த்தார்கள். மார்லீன் தேநீர்க் கெட்டிலை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மூன்று பேரும் பாலைத்தான் முதலில் ஊற்றினார்கள்.